கொல்லிமலை: எழுபது வளைவுகளுக்கு மேலே ஒரு பழைய நாடு

எங்கள் காலை நடைக் குழுவில் ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் இருக்கிறார். வளைகுடா நாடுகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். அந்த நாட்களில் ஒரு முறை ஈரானுக்குப் போய், யஸ்த் என்ற பழைய பாலைவன நகரத்தில் நான்கு நாள் தங்கியிருந்தாராம். போன வாரம் பூங்காப் பெஞ்சில் உட்கார்ந்தவர், அந்த ஊரைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினார்.

கேட்கக் கேட்க வியப்பாகத்தான் இருந்தது. இரண்டு பாலைவனங்களுக்கு நடுவில் அந்த நகரம் இருக்கிறது. ஆண்டு முழுதும் பெய்வதைக் கூட்டினாலும் பத்து சென்டிமீட்டர் மழை தேறாது. மலையடிவாரத்து நீரை மண்ணுக்கு அடியில் சுரங்கம் வெட்டிப் பல பத்துக் கிலோமீட்டர் கொண்டுவந்திருக்கிறார்கள். 'கனாத்' என்று அதற்குப் பெயர். அப்படி வரும் நீரைத் தோட்டக்காரர்களுக்குப் பங்கு பிரிக்க, அடியில் துளையிட்ட செம்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்களாம். கிண்ணம் நிறைந்து மூழ்கும் நேரம் ஒரு பங்கு. நம் முன்னோர் நேரம் பார்த்த நாழிகை வட்டிலும் இதே வேலையைத்தான் செய்தது. வீட்டுக் கூரைகளில் காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் கோபுரங்கள், பதினைந்து நூற்றாண்டுகளாக அணையவில்லை என்று ஜொராஸ்டிரியர்கள் போற்றும் நெருப்பு என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். மார்க்கோ போலோ அந்த வழியாகப் போய் அவ்வூர்ப் பட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். 2017இல் யுனெஸ்கோ அந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மும்பையில் இரானி டீக்கடை வைத்தவர்கள் பலருக்குப் பூர்வீகம் அந்தப் பக்கம்தான்.

"சுத்தியும் பாலைவனம். யாரும் லேசுல கிட்ட வர முடியாது. அதனாலயே பிழைச்சு நின்ன ஊர் சார் அது. நம்ம பக்கம் அப்படி ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

"கொல்லிமலை" என்றேன், யோசிக்காமலே.

அவர் சிரித்துவிட்டார். "அங்க என்ன சார் இருக்கு? ஒரு அருவி, ஒரு கோயில், எழுபது கொண்டை ஊசி வளைவு. கார்ல போனா எங்க வீட்டம்மாவுக்கு வாந்தி."

அப்போது எனக்குப் பதில் வரவில்லை. எனக்கு எப்போதுமே பதில்கள் வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுதான் வரும். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1984 முதல் மூன்று ஆண்டுகள் நான் வங்கி வேலையாகக் கொல்லிமலைக்குப் போய்வந்தேன். அப்போது நாமக்கல் மாவட்டம் கிடையாது. அது பிறந்தது 1997இல். எங்களுக்கு எல்லாமே சேலம் மாவட்டம். அடிவாரம் காரவள்ளி. அங்கே பஸ் ஒரு முறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறத் தொடங்கும். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். முதல் பயணத்தில் நானும் எண்ணிக்கொண்டே போனேன். முப்பதைத் தாண்டியதும் எண்ணும் தெம்பு போய்விட்டது.

மேலே போனதும்தான் முதல் ஆச்சரியம். மலை என்றால் உச்சி, சரிவு, பாறை என்று நினைத்துப் போனவன் நான். அங்கே இருந்தது ஒரு மேட்டு நிலம். ஏறத்தாழ ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட 280 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு தனி உலகம். பள்ளங்களில் படிப்படியாக நெல் வயல். மேட்டில் சாமை, தினை, கேழ்வரகு. இடையிடையே பலா மரங்கள், வாழை, அன்னாசி. செம்மேட்டில் இறங்கி நின்றபோது, கீழே விட்டுவந்த வெயிலும் புழுதியும் வேறு ஏதோ தேசத்தில் இருப்பது போலத் தோன்றியது.

அந்த உலகத்துக்குத் தனி அமைப்பும் உண்டு. கொல்லிமலையில் பதினான்கு 'நாடு'கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு, திருப்புளி நாடு என்று பட்டியல் போகும். இன்றைக்கும் அவை பதினான்கு ஊராட்சிகளாக அதே பெயர்களில் இருக்கின்றன. சமவெளியில் சோழர் காலக் கல்வெட்டுகளில் படிக்கிற 'நாடு' என்ற சொல், இங்கே பஸ்ஸின் பெயர்ப்பலகையில் இருக்கும். முதல் வாரத்தில் ஒருவர் என்னிடம், "எங்க நாட்டுக்கு எப்ப வர்றீங்க சார்?" என்று கேட்டபோது ஒரு கணம் திகைத்துத்தான் போனேன்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். கொல்லிமலை என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்த கதையைப் பள்ளியிலேயே படித்திருப்போம். அதைப் புறநானூற்றில் பாடியவர் வன்பரணர். அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்தது அம்பு இல்லை. காட்டு வழியில் வந்த பாணர் கூட்டத்துக்கு ஒரு வேடன் மான் இறைச்சி கொடுக்கிறான், மது கொடுக்கிறான், பொன்னும் மணியும் கொடுக்கிறான். அவர்கள் பாட்டில் தன் பெயர் வந்தபோது நாணி நின்றவன் அவன். அவன்தான் ஓரி. தன் பெயரைக் கேட்டு நாணிய ஒருவனின் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகள் நின்றுவிட்டது.

ஓரியைக் கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி. வேடிக்கை என்னவென்றால் அவனும் அதே ஏழு வள்ளல்களில் ஒருவன். கொல்லியை வென்று காரி சேரனிடம் கொடுத்தான் என்று அகநானூறு சொல்கிறது. நற்றிணையில் கபிலர் இன்னொரு காட்சியைத் தருகிறார். ஓரியைக் கொன்ற காரி, ஓரியின் பெரிய தெருவில் நுழைந்தபோது ஊரே ஆரவாரித்துக் கூச்சலிட்டதாம். அதை ஓர் உவமையாக மட்டும் சொல்லிவிட்டுக் கபிலர் நகர்ந்துவிடுகிறார். எனக்கோ அந்தத் தெருவில் நின்ற மக்களின் முகங்கள்தான் கண்ணுக்குள் வந்து நிற்கும்.

அதன்பிறகு கொல்லி அரசர்களின் பட்டங்களில் ஒட்டிக்கொண்டது. சேரர்கள் கொல்லிக்கு உரியவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். குலசேகர ஆழ்வார் தம்மைக் கொல்லியின் காவலன் என்றே பாடுகிறார். சோழர் காலத்தில் கொல்லிமழவன் என்ற பட்டத்தோடு சிற்றரசர்கள் கல்வெட்டுகளில் வருகிறார்கள். தேவாரப் பண்களில் ஒன்றின் பெயரும் கொல்லிதான். வளப்பூர் நாட்டில் இருக்கும் அறப்பளீசுவரர் கோயில் தேவார வைப்புத்தலம். அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகத்தின் தலைவன் இந்தச் சாமிதான். கோயிலை ஒட்டி ஓடும் ஐயாறு சற்றுத் தள்ளி ஆகாய கங்கை அருவியாக விழுகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம். ஏறும்போதுதான் வயது தெரியும்.

பிறகு கொல்லிப்பாவை. பார்ப்பவரை மயக்கிக் கொல்லும் அழகிய பாவை ஒன்று, தெய்வம் செய்து வைத்தது, இந்த மலையில் நிற்கிறது என்று சங்கப் புலவர்கள் திரும்பத் திரும்பப் பாடினார்கள். காற்று அடித்தாலும் மழை இடித்தாலும் அதன் அழகு குலையாது என்பார்கள். இன்று எட்டுக்கை அம்மனை அந்தப் பாவையாகக் கருதி வணங்குகிறார்கள். மலையின் பெயரையே 'கொல்லும் மலை' என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் இந்த மலையின் காய்ச்சல் அந்தப் பெயருக்குப் புது நியாயம் சேர்த்தது. சேர்வராயன் மலையில் காபித் தோட்டமும் பங்களாவுமாக ஏற்காடு வளர்ந்தது. கொல்லிமலையில் மலேரியாவுக்கு அஞ்சி வெள்ளைக்காரர்கள் அப்படிக் குடியேறவில்லை. பாலைவனம் யஸ்த் நகரத்துக்குச் செய்ததை, இங்கே செங்குத்துச் சரிவும் கொசுவும் செய்தன.

இதுவரை சொன்னது புத்தகத்தில் இருக்கிற கொல்லிமலை. அரசர்கள் வந்தார்கள், வென்றார்கள், பட்டம் சூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். மேலேயே இருந்தவர்கள் யார்?

இன்று மலையில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்றும், அவர்கள் பிரிந்து சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்றும் ஒரு வழக்குக் கதை உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில்கூட இந்த இடப்பெயர்ச்சிக் கதை இடம் பெற்றிருக்கிறது. இவர்கள் கோட்டை கட்டவில்லை. ஓரியின் தெருவும் நிற்கவில்லை. அப்படியானால் இந்த மலையின் பழமை எதில் இருக்கிறது? அதை எனக்குக் காட்டியவர் ஒரு பெரியவர். நான் அவருக்குக் கடன் கொடுக்கப் போயிருந்தேன்.

அந்த நாட்களில் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. பழங்குடியினருக்குப் பாதி மானியம். ஆடு, மாடு, கிணறு என்று கடன் கொடுப்போம். பயிர்க்கடன் தனி. அதில் எங்களுக்கு மிகவும் பிடித்த பயிர் மரவள்ளி, அதாவது அந்தப் பக்கத்தில் சொல்கிற குச்சிக்கிழங்கு. காரணம் எளிது. கீழே ராசிபுரம், சேலம், ஆத்தூர் பக்கமெல்லாம் சேகோ ஆலைகள். ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் கிழங்கு எவ்வளவு வந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். விவசாயி கையில் பணம் வரும், எங்கள் கடன் திரும்பி வரும். சாமைக்கும் தினைக்கும் எங்கள் கடன் அளவுப் பட்டியலில் ஒரு வரி கூட இருக்கவில்லை. விளைவதை வீட்டிலேயே சாப்பிட்டுவிடும் பயிருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்?

1985 என்று நினைவு. ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் விண்ணப்பத்தை விரித்து வைத்துக்கொண்டு, மேட்டு நிலம் முழுக்கக் குச்சிக்கிழங்கு போட்டால் எவ்வளவு வரும் என்று கணக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை உள்ளே கூட்டிப்போய்க் குதிரைக் காட்டினார். உள்ளே சாமை.

"இது போன மழைக்கு முந்துன மழையில வெளஞ்சதுங்க சார். இன்னமும் கெடலை. மழை பொய்ச்சா ரெண்டு வருசம் இதை வெச்சு ஓட்டிப்புடுவோம். கெழங்கு வித்த காசு எத்தினி நாளைக்குங்க குதிருல கெடக்கும்?"

அவருடைய அப்பா காலத்திலிருந்து விதை வெளியே வாங்கியதில்லை என்றார். சீக்கிரம் விளையும் சாமை, தாமதமாக விளையும் சாமை, எந்தக் காட்டுக்கு எது, எந்த மழைக்கு எது என்று விரல் விட்டுச் சொன்னார். அப்போது அதை ஒரு கிழவரின் பிடிவாதமாகத்தான் கேட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தால், சங்கப் பாட்டில் தினைப்புனம் காத்த பெண்களின் காலத்திலிருந்து அறுபடாமல் வந்த ஒன்றை அந்தக் குதிர் இருட்டில் பார்த்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, உழாமலே விளையும் நான்கு பொருள் உள்ளே இருக்கிறது, உங்களால் அதைப் பட்டினி போட்டுப் பிடிக்க முடியாது என்று கபிலர் சொன்னார். ஒரு மலை நாட்டின் சுதந்திரம் அதன் உணவில் இருந்தது. பெரியவர் சொன்னதும் அதைத்தான்.

ஆனால் கதை இத்தோடு முடிந்திருந்தால் எழுதுவது சுலபம். நான் காகிதத்தை மடிக்கும்போது அவர் மனைவி உள்ளிருந்து வந்தார். இரண்டு கைகளையும் விரித்து என் முன்னால் நீட்டினார். உள்ளங்கை முழுதும் காய்ப்பு.

"அவருக்கென்னங்க சார், உக்காந்து திங்கறவரு. குத்தறது ஆரு? பொழுது விடியறதுக்கு முன்னால ஒலக்கையத் தூக்குனா, ஒரு வேளைச் சோத்துக்கு அரிசி பாக்கறதுக்குள்ள தோளு கழண்டு போவுது. நீங்க எழுதுங்க. கெழங்கே போடட்டும். நெல்லு அரிசி கடையில வாங்கித் திங்கறோம்."

சாமையின் உமி லேசில் விடாது. நெல்லைப் போல மில்லில் கொடுத்து வாங்கவும் அப்போது அங்கே வழியில்லை. உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். பின்னால் நின்ற மருமகள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவள் மாமியாரைப் பார்த்த பார்வையில் ஒரு நம்பிக்கை இருந்தது. பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கைநாட்டு வைத்தார்.

மூன்று ஆண்டுகளில் அப்படி எத்தனையோ விண்ணப்பங்கள் எழுதினேன். எனக்கு நல்ல பெயர் கிடைத்தது, மாற்றலும் கிடைத்தது. மலையில் குச்சிக்கிழங்கு பரவிக்கொண்டே போனது. நான் ஒருவன் எழுதியதால் மட்டும் பரவவில்லை. சாலையும் ஆலையும் ரேஷன் அரிசியும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனாலும் அந்த வேலையில் என் பேனாவும் இருந்தது. சாமை, தினை, கேழ்வரகு நிலங்கள் சுருங்கின. பழைய ரகங்களில் சில, ஓரிரு வீட்டுக் குதிர்களில் மட்டும் மிஞ்சும் நிலைக்கு வந்தன.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் வேலை தொடங்கியது பற்றிப் பத்திரிகையில்தான் படித்தேன். ஊர் ஊராகப் போய் நாட்டு ரகங்களைச் சேகரித்தார்கள். கிராமத்திலேயே விதை வங்கிகள் அமைக்க உதவினார்கள். இவற்றையெல்லாம் விட என்னை நிமிர்ந்து உட்காரவைத்த செய்தி ஒன்று உண்டு. உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களிலேயே நிறுவி, மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். சாமை அரிசி, தினை மாவு என்று பாக்கெட் போட்டு விற்கவும் செய்தார்கள். அந்த அம்மாள் 1985இல் கையை விரித்துக் காட்டியதற்கு யாரோ பதில் சொல்லியிருந்தார்கள். நான் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு விண்ணப்பம்தான் எழுதினேன். ஓர் இயந்திரத்துக்குக் கடன் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த ஆண்டு குடும்பத்தோடு கொல்லிமலை போனபோது, அந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஓட்டு வீடு கான்கிரீட் வீடாகியிருந்தது. பெரியவரும் அவர் மனைவியும் இல்லை. அன்று பேசாமல் நின்ற மருமகள் இப்போது பாட்டி. என்னை அவருக்கு நினைவில்லை. "பேங்குக்காரரு ஒருத்தரு வருவாருன்னு மாமா சொல்வாங்க" என்று மட்டும் சொன்னார். என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை.

நிலத்தில் இப்போதும் குச்சிக்கிழங்குதான் அதிகம். சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏறியிருந்தது. நடுவில் காபிச் செடிகள். கிழங்குப் பணத்தில் மகள் நர்சிங் படித்து வேலையில் இருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபோது, என் பழைய விண்ணப்பங்கள் எல்லாமே பாவம் இல்லை என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் சாமை நின்றது.

"இது எதுக்கும்மா?" என்றேன்.

"ஊட்டுக்குத்தானுங்க. மெசினு வந்திருச்சில்ல, குத்தற வேலையில்ல. அதான் போட்டேன். அத்தை இருந்தப்பவே மெசினு வந்திருந்தா, விட்டிருக்கவே மாட்டாங்க."

பொறியாளர் நண்பருக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான். எட்டாத இடத்தில் இருப்பது மட்டும் எந்த ஊரையும் காப்பாற்றாது. யஸ்தின் கனாத்துகளைத் தோண்டியவர்கள், எந்த நேரமும் மண் சரியலாம் என்ற பயத்தோடு இருட்டில் ஊர்ந்து தோண்டினார்கள். அந்தச் சுரங்கத்தை அவர்கள் 'கொலைகாரன்' என்றே அழைத்தார்கள் என்று படித்திருக்கிறேன். நம் கொல்லியின் பெயரோடு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள். காற்றுக் கோபுரத்தைப் பார்க்கும் பயணிக்கு அந்த மனிதர்கள் தெரிவதில்லை. கொல்லிமலைக்கு வந்து அருவியில் குளித்துவிட்டுப் போகிறவருக்கு உலக்கை பிடித்த கைகளும் தெரிவதில்லை. பழமையைச் சுமக்கிறவரின் சுமையைக் கொஞ்சம் இறக்கி வைத்தால்தான் அது நிற்கும். இல்லாவிட்டால் அவர் ஒரு நாள் அதைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆடி மாதம் பதினேழு, பதினெட்டு தேதிகளில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். அறப்பளீசுவரர் கோயிலிலும் கூட்டம் நெரியும். போகிறவர்கள் ஓரி சிலைக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. அப்படியே மகளிர் குழு விற்கும் சாமை அரிசி ஒரு கிலோ வாங்கி வாருங்கள்.

நான் அன்று வாங்கி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒரு நாள் சாமைப் பொங்கல். நாளைக் காலை நடைக்குப் போகும்போது ஒரு டப்பா எடுத்துப் போவதாக இருக்கிறேன். பொறியாளருக்குச் சர்க்கரை நோய் உண்டு. கொல்லிமலையில் என்ன இருக்கிறது என்று அவர் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.